ஆங்கில வகுப்பில் இலக்கணத்தையும் இலக்கிய ஆய்வையும் சேர்த்துப் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கில வகுப்பில் இலக்கணத்துக்கு ஒரு பீரியட், கதைக்கும் கவிதைக்கும் வேறொரு பீரியட் என்று பிரித்துவிடுகிறோம். கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்புகிற மாணவர், மறுநாள் கட்டுரை எழுதும்போது அதே தவறுகளைச் செய்கிறார். இலக்கியக் கேள்வி வந்தால் கதைச் சுருக்கத்தை எழுதி, நடுவில் 'மெட்டஃபர்', 'ஐரனி' என்று இரண்டு பெயர்களைச் சேர்த்துவிட்டு, ஆய்வு முடிந்தது என்று நினைக்கிறார்.

இரண்டையும் ஒரே பத்தியில் வைத்துப் பழகினால் இந்த இரண்டு குறைகளும் சேர்ந்தே குறையும். ஒரு வாக்கியம் ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பது இலக்கணக் கேள்வி. அப்படிக் கட்டியதால் வாசிப்பவருக்கு என்ன ஆகிறது என்று கேட்பது இலக்கியக் கேள்வி. முதல் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதற்கு உருப்படியான பதில் கிடைக்காது.

இது வெறும் என் விருப்பம் இல்லை. 4 முதல் 12ஆம் வகுப்பு வரையான மாணவர்களின் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, 2007இல் அமெரிக்காவில் 'ரைட்டிங் நெக்ஸ்ட்' என்ற அறிக்கை வந்தது. விதிகளைத் தனியே கற்பிக்கும் பழைய இலக்கணப் பாடம் மாணவர்களின் எழுத்தை மேம்படுத்தவில்லை என்றும், சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சி பலன் தருகிறது என்றும் அது சொல்கிறது. அந்தப் பயிற்சியும் கீழே வருகிறது.

இது மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும், அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்களுக்கும். தேவையானவை ஒரு நோட்டு, பென்சில், நல்ல அகராதி. அவ்வளவுதான்.

படி 1: சிறிய பகுதியை எடுங்கள்

முழுக் கதையையும் ஒரேயடியாக ஆராய முயலாதீர்கள். உரைநடை என்றால் 100 முதல் 150 சொற்கள், கவிதை என்றால் 12 முதல் 24 வரிகள் போதும். கதையின் முதல் பத்தி, நிலைமை திரும்புகிற இடம், கடைசிப் பத்தி, இந்த மூன்றில் ஒன்றை எடுத்தால் ஏமாற்றம் இருக்காது. எழுத்தாளர்கள் இந்த இடங்களில்தான் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைக்கிறார்கள்.

பயிற்சிக்காக நானே எழுதிய மூன்று வாக்கியங்களை இங்கே வைத்துக்கொள்வோம்:

"தி லெட்டர் கேம் ஆன் எ ஃப்ரைடே. மை மதர் ரெட் இட் ட்வைஸ், ஃபோல்டட் இட் அண்ட் புட் இட் அண்டர் தி கிளாக். இட் வாஸ் நெவர் மென்ஷன்ட் அகெய்ன்."

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா இருமுறை படித்து, மடித்து, கடிகாரத்துக்கு அடியில் வைத்தார். அதைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை. இந்த மூன்று வாக்கியங்களுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று போகப் போகப் பார்க்கலாம்.

படி 2: மூன்று முறை படியுங்கள்

முதல் முறை வாய்விட்டு, பென்சில் இல்லாமல். குரல் எங்கே தடுக்குகிறதோ, எங்கே வேகமாக ஓடுகிறதோ, அந்த இடங்கள் பின்னால் உதவும்.

இரண்டாம் முறை, ஒவ்வொரு வாக்கியத்தையும் உங்கள் சொந்த, எளிய ஆங்கிலத்தில் திருப்பி எழுதுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். குதிக்காதீர்கள். ஆங்கில இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, கருத்து எழுதச் சொன்னார். 1929இல் அதை நூலாக்கியபோது, மாணவர்கள் தடுமாறும் இடங்களில் முதலாவதாக அவர் சொன்னது, கவிதையின் நேர்ப்பொருளையே பிடிக்க முடியாமல் போவதைத்தான். ஆங்கிலமே தாய்மொழியாக இருந்த பலருக்கே அந்த நிலை. ஆகவே 'இந்த வரியில் யார், எதை, என்ன செய்கிறார்' என்று தெளிவாகச் சொல்ல முடிகிற வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

மூன்றாம் முறை பென்சிலோடு.

படி 3: வினைமுற்றுகளைத் தேடுங்கள்

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 'வந்தான்' என்பது முற்று, 'வந்து' என்பது எச்சம் என்ற வித்தியாசம் நமக்குப் பழக்கமானது. ஆங்கிலத்திலும் 'கேம்', 'வாஸ்', 'ஹேஸ் கான்' எல்லாம் முற்று. 'கமிங்', 'டு கம்' போன்றவை தனியாக நின்றால் வாக்கியத்தை முடிக்காது. எடுத்த பகுதியில் ஒவ்வொரு முற்றுக்கும் அடிக்கோடு இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று அம்புக்குறி போடுங்கள். தமிழில் 'வந்தான்' என்றாலே யார் என்பது வினைக்குள் அடங்கிவிடுவதால் எழுவாயை விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. எழுவாயில்லாத வாக்கியங்கள் நம் கட்டுரைகளில் நுழைவது இந்த வழியாகத்தான்.

அப்புறம் ஓரத்தில் டென்ஸ் குறியுங்கள். முழுக்க இறந்தகாலத்தில் போகும் பகுதி திடீரென நிகழ்காலத்துக்கு மாறினால், அங்கே நின்று ஏன் என்று கேளுங்கள். 'ஹேட்' வந்தால், கதை நடக்கிற நேரத்துக்கும் முன்னால் எழுத்தாளர் எதையோ காட்டுகிறார்.

முற்றே இல்லாத வாக்கியம் வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சார்லஸ் டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' 1852-53இல் தொடராக வந்த நாவல். அதன் முதல் வாக்கியம் 'லண்டன்' என்ற ஒரே சொல். தொடக்கப் பத்திகளின் முதன்மை வாக்கியங்களில் பெரும்பாலும் முற்று கிடையாது. சேறும் மூடுபனியும் வருணனையாக அடுக்கப்படுகின்றன. முடிவுக்கே வராத ஒரு நீதிமன்ற வழக்கைப் பற்றிய நாவல், வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை இல்லாமல் தொடங்குகிறது. கட்டுரையில் 'ஃப்ராக்மென்ட்' என்று சிவப்பு மையில் சுழிக்கப்படும் அதே விஷயம், காரணத்தோடு வரும்போது உத்தியாகிறது. இலக்கண விதி தெரிந்தவருக்குத்தான் இந்த மீறல் கண்ணில் படும்.

படி 4: யார் செய்கிறார், யார் மறைகிறார்?

நம் கடிதப் பகுதிக்கு வருவோம். இரண்டாம் வாக்கியத்தில் அம்மா எழுவாய். படித்தார், மடித்தார், வைத்தார் என்று மூன்று செயல்கள், மூன்றும் செய்வினை. மூன்றாம் வாக்கியம் செயப்பாட்டுவினைக்கு மாறுகிறது: 'வாஸ் நெவர் மென்ஷன்ட்'. பேசாமல் இருந்தது யார்? அம்மா மட்டுமா, வீட்டில் எல்லோருமா, கதை சொல்பவருமா? வாக்கியம் சொல்ல மறுக்கிறது. 'ஷி நெவர் மென்ஷன்ட் இட்' என்று எழுதியிருந்தால் மௌனம் அம்மாவுடையதாகவே இருந்திருக்கும். இப்போது அது வீடு முழுக்கப் பரவிவிட்டது.

செயப்பாட்டுவினையைத் தவிர்க்கவும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. வாசிக்கும்போது அந்த அறிவுரையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, செய்தவரை மறைப்பதால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். ஒரு பாத்திரம் எப்போதும் எழுவாயாகவே வருகிறதா, இன்னொரு பாத்திரம் எப்போதும் செயப்படுபொருளாகவே கிடக்கிறதா என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டியலே சான்று.

படி 5: சின்னச் சொற்களில் நேரம் செலவிடுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிகிள்கள் தமிழில் கிடையாது. அதனால் விதியாகப் படிக்கும்போது அவை ஒட்டுவதே இல்லை. கதைக்குள் வைத்துப் பார்த்தால் ஒட்டும்.

கடிதப் பகுதி 'எ லெட்டர்' என்று தொடங்கவில்லை, 'தி லெட்டர்' என்று தொடங்குகிறது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளுக்குத்தான் 'தி' வரும். நமக்கோ இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததாக எடுத்துக்கொண்டு பேசுவதால், அந்தக் குடும்பம் பல காலமாக மனதில் வைத்திருந்த கடிதம் அது என்று நாமே ஊகிக்கிறோம். கிழமைக்கு மட்டும் 'எ ஃப்ரைடே': எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் ஏதோ ஒன்று.

பயிற்சி இப்படி. ஒரு பத்தியை நோட்டில் பார்த்து எழுதுங்கள், ஆர்ட்டிகிள் வரும் இடங்களில் எல்லாம் கோடு மட்டும் போட்டு. மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் நிரப்புங்கள். பிறகு ஒப்பிடுங்கள். மாறியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி: நான் போட்டது இலக்கணப்படி தவறா? தவறில்லை என்றால், பொருள் எப்படி மாறுகிறது? இதே பயிற்சியை அடுத்த வாரம் பிரெபொசிஷனுக்கும், அதற்கடுத்த வாரம் இணைப்புச் சொற்களுக்கும் செய்யலாம்.

அடுத்தது மாடல் வெர்ப், அதாவது முடியும், கூடும், வேண்டும் போன்ற பொருளைத் தரும் துணைவினை. 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷுட்' என்று அட்டவணையாக மனப்பாடம் செய்கிற இவை கவிதையில் என்ன செய்யும் என்பதற்கு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கின் 'தி டைகர்' கவிதை போல இன்னொரு உதாரணம் சொல்வது கடினம். 1794இல் வந்தது; 24 வரி, ஆறு பத்தி. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒரே ஒரு வினை தவிர சொல்லுக்குச் சொல் ஒன்று. முதலில் 'குட் ஃப்ரேம்' ('கேன்' என்பதன் இறந்தகால வடிவம்தான் இந்தக் 'குட்'): புலியின் அச்சமூட்டும் ஒழுங்கமைவை எந்த அழிவற்ற கை, எந்தக் கண் உருவாக்க முடிந்தது என்று கேட்கிறது. கடைசியில் 'டேர் ஃப்ரேம்': யாருக்கு அந்தத் துணிவு வந்தது என்று கேட்கிறது. திறமையைப் பற்றிய கேள்வி துணிச்சலைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது.

இடையில் என்ன நடந்தது என்று தேடுங்கள். இரண்டாம் பத்தியிலேயே 'டேர்' இருமுறை வருகிறது, நான்காம் பத்தியில் மறுபடியும். கடைசி மாற்றம் திடீரென்று வந்ததில்லை, அந்தச் சொல் வளர்ந்து வளர்ந்து வந்து முதல் பத்தியின் 'குட்' இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்காம் பத்தியின் தொடக்கத்தில் சுத்தியல் எது, சங்கிலி எது என்று வினையே இல்லாத கேள்விகள். கொல்லன் அடிக்கும் தாளம் அங்கே கேட்கிறது. கவிதை முழுக்கக் கேள்விகள். ஒன்றுக்கும் பதில் வருவதில்லை.

இலக்கணத்துக்கும் இதிலேயே பாடம் இருக்கிறது. 'டேர்' இங்கே மாடல் போல நடப்பதால் பின்னால் 'எஸ்' சேரவில்லை, 'டு' வரவில்லை. சாதாரண வினையாக இருந்திருந்தால் 'டேர்ஸ் டு ஃப்ரேம்' என்று வந்திருக்கும். ஒரே சொல்லை வைத்து விதியையும் கவிதையையும் படித்தாயிற்று.

படி 6: வாக்கியத்தின் நீளமும் நிறுத்தற்குறியும்

ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் எண்ணிக் குறியுங்கள். நீளமான வாக்கியங்களுக்கு நடுவே நாலு சொல்லில் ஒன்று வந்தால், கனம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

நமக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. 'வந்து, பார்த்து, எடுத்து, போனான்' என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போவது தமிழில் இயல்பு. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டிவிடுகிறோம். இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்க வெறும் கமா போதாது. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது செமிகோலன், அல்லது 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்' போன்ற இணைப்புச் சொல்.

இதற்கு வாக்கிய இணைப்புப் பயிற்சிதான் சரி. ஒரு நல்ல பத்தியின் நீண்ட வாக்கியத்தை ஐந்தாறு குட்டி வாக்கியங்களாக உடைத்து ஒருவர் எழுதட்டும். பக்கத்தில் இருப்பவர் மூலத்தைப் பார்க்காமல் அவற்றை ஒன்றாக்கட்டும், இரண்டு மூன்று விதமாக. பிறகு மூலத்தோடு வைத்துப் பாருங்கள். எதை முதன்மை வாக்கியமாக வைத்தார், எதை 'வென்', 'ஆல்தோ' என்று துணை வாக்கியத்துக்குத் தள்ளினார்? எழுத்தாளர் எதை முக்கியம் என்று நினைத்தார் என்பது அதில் தெரிந்துவிடும். தமிழில் 'நேற்று வந்த பையன்' என்று பெயருக்கு முன்னால் வைப்பதை ஆங்கிலம் 'ஹூ', 'விச்' போட்டுப் பின்னால் வைக்கிறது என்பதும் இந்தப் பயிற்சியில் கைக்குப் பழகிவிடும்.

படி 7: கவனித்ததைக் கருத்தாக மாற்றுங்கள்

இப்போது நோட்டில் நிறையக் குறிப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் கட்டுரையில் கொட்ட வேண்டாம். ஒன்றோடொன்று பேசுகிற இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் தள்ளுங்கள்: என்ன இருக்கிறது? அதனால் வாசிப்பவருக்கு என்ன ஆகிறது? அது முழுப் படைப்போடு எப்படிச் சேர்கிறது?

கடிதப் பகுதியைப் பற்றி இரண்டு மாணவர்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர்: 'எழுத்தாளர் செயப்பாட்டுவினையைப் பயன்படுத்துகிறார். இது மர்மத்தை உண்டாக்குகிறது.' தவறில்லை, ஆனால் எந்தக் கதைக்கும் ஒட்டும். இன்னொருவர்: 'அம்மாவின் மூன்று செயல்களும் செய்வினையில் வேகமாக வருகின்றன, கடிதத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் அவர்தான். அடுத்த வாக்கியத்தில் எழுவாய் கடிதமாகிவிடுகிறது, மௌனம் காத்தவர்கள் யார் என்பது மறைகிறது. அவர் எடுத்த முடிவு வீட்டின் பொது வழக்கமாக மாறிவிட்டதை இந்த மாற்றம் காட்டுகிறது.' இது இந்தப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் வாக்கியத்தை வேறு கதைக்கும் அப்படியே தூக்கிப் போட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால், இன்னும் ஆராயவில்லை என்று பொருள்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய மரபுகள் சில. படைப்பில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுவது ஆங்கிலத்தில் வழக்கம். பிளேக் கேட்டார் இல்லை, கவிதை கேட்கிறது. கதை சொல்பவரையும் எழுதியவரையும் ஒன்றாக்காதீர்கள். 'ஐ' என்று பேசுவது ஒரு பாத்திரமாக இருக்கலாம். மேற்கோளைத் தனியாகத் தொங்கவிடாமல் உங்கள் வாக்கியத்துக்குள் இலக்கணம் பொருந்த நுழையுங்கள், முழு வரி தேவையில்லை, இரண்டு மூன்று சொல் போதும். 'ஷோஸ்' என்ற ஒரே வினையை ஒவ்வொரு வரியிலும் போடாமல் 'சஜெஸ்ட்ஸ்', 'இம்ப்ளைஸ்', 'கான்ட்ராஸ்ட்ஸ்' என்று சொல்ல வந்ததற்கேற்ப மாற்றுங்கள்.

படி 8: அந்த அமைப்பில் நீங்கள் எழுதுங்கள்

ஆராய்ந்த வாக்கியத்தின் அமைப்பை வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் உங்களுடையதாக மாற்றி எழுதுங்கள். கடிதப் பகுதியைப் போல: ஒரு பொருள் வருகிறது, ஒருவர் அதை வைத்து மூன்று செயல்கள் செய்கிறார், கடைசி வாக்கியம் செயப்பாட்டுவினையில் முடிகிறது. ரோமானியர்களின் பேச்சுக்கலைக் கல்வியிலேயே நல்ல எழுத்தைப் பார்த்து அதுபோல் எழுதிப் பழகுவது முக்கியமான பகுதி. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு அமைப்பைக் கையால் எழுதிப் பார்த்தவருக்கு அது அடுத்த முறை படிக்கும்போது தானாகவே கண்ணில் படும்.

படி 9: பிழை நோட்டு

திருத்தி வந்த கட்டுரையின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவைப்பது பெரிய நஷ்டம். ஒரு தனி நோட்டில் தவறான வாக்கியம், திருத்திய வாக்கியம், காரணம் என்று மூன்றையும் எழுதுங்கள். நாலைந்து கட்டுரைகளுக்குள் உங்கள் தவறுகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். தமிழ் பேசுகிறவர்களிடம் அடிக்கடி தென்படுபவை:

- 'ஹி', 'ஷி'க்குப் பின் நிகழ்கால வினையில் 'எஸ்' விடுபடுவது.
- 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே'. நேற்று என்று நேரம் குறித்துவிட்டால் 'ஐ ஸா ஹிம்' போதும்.
- 'ஐ ஆஸ்க்ட் வேர் வாஸ் ஹி கோயிங்'. இன்னொரு வாக்கியத்துக்குள் வரும் கேள்வியில் வரிசை மாறும்: 'வேர் ஹி வாஸ் கோயிங்'.
- 'டிஸ்கஸ் அபவுட்'. 'அபவுட்' தேவையில்லை.
- கட்டுரை நடுவில் காரணமில்லாமல் டென்ஸ் மாறுவது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டாம். அடுத்த கட்டுரைக்கு இரண்டு வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எழுதி முடித்தபின் அந்த இரண்டுக்காகவே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கிற மாணவர் எதைத் திருத்துவது என்று தெரியாமல் நோட்டை மூடிவிடுகிறார். இந்த முறை டென்ஸும் வாக்கிய முடிவும் மட்டும்தான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தவறுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். தவறு என்ன என்பதை மாணவரே கண்டுபிடிக்கட்டும். மாணவர் கவனித்த ஒரு நல்ல விஷயத்துக்குப் பக்கத்தில், அது ஏன் நல்ல கவனிப்பு என்று ஒரு முழு வாக்கியம் எழுதிக் கொடுங்கள்.